பழைய செயற்கை நுண்ணறிவில் கை வைக்க நான்கு வழிகள்: எதை எடுப்பது?

சாட்ஜிபிடி மாதிரி ஒன்றை வீட்டில் உட்கார்ந்து அடியிலிருந்து கட்ட முடியாது. அதற்கான கணினியும் தரவும் நம்மிடம் இல்லை, மின் கட்டணமும் கட்டி மாளாது. ஆனால் 1960களிலிருந்து 1980கள் வரை செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களில் பெரிதாகப் பேசப்பட்டவற்றில் பலவற்றை, இன்றைக்கு ஒரு சுமாரான லேப்டாப்பில் ஒரு மாத மாலைப்பொழுதுகளில் எழுதி ஓட்டிவிடலாம். அந்தக் காலத்தவர்கள் ஏன் அவ்வளவு நம்பினார்கள், எந்த இடத்தில் முட்டி நின்றார்கள் என்பதெல்லாம் வாசிக்கும்போது கதையாகத்தான் இருக்கும். எழுதிப் பார்க்கும்போது அதே இடத்தில் நாமும் முட்டி நிற்போம்.

எதை எழுதுவது? என் கண்ணில் நான்கு வழிகள் தெரிகின்றன: எலைசா மாதிரி ஓர் உரையாடல் நிரல், புரோலாக் மொழியில் ஒரு தர்க்க நிரல், கிளிப்ஸ் என்ற கருவியில் ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம் (வல்லுநரின் அறிவை விதிகளாக வைத்து ஆலோசனை சொல்லும் நிரல்), ஒரு பெர்செப்ட்ரான் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் எளிய நரம்பு வலை). நான்கையும் சும்மா பொறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறந்து, வீட்டில் கணினி வைத்திருந்த ஆர்வலர்கள் கைக்கும் வந்து சேர்ந்தவை இவை. அன்றைக்கு இரு தரப்பும் ஓயாமல் வாதாடிய கேள்வி ஒன்றுதான்: அறிவு எங்கிருந்து இயந்திரத்துக்குள் வரும்? நிரல் எழுதுகிறவரின் சாமர்த்தியத்திலிருந்தா, தர்க்க விதிகளிலிருந்தா, துறை வல்லுநரின் வாயிலிருந்தா, எடுத்துக்காட்டுகளிலிருந்தா? நான்கு வழிகளும் நான்கு பதில்கள்.

லிஸ்ப் எங்கே என்று கேட்பீர்கள். ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் தொடங்கிய நிரலாக்க மொழி. அமெரிக்க ஆய்வாளர்களுக்கு அது தாய்மொழி மாதிரி. அதற்கென்றே தனிக் கணினி செய்து விற்ற சிம்பாலிக்ஸ் நிறுவனம்தான் 1985 மார்ச் 15 அன்று உலகின் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. ஆனால் அந்தக் கணினியின் விலை ஆய்வுக்கூடங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1987 வாக்கில் சாதாரண ஒர்க்ஸ்டேஷன்கள் வேகம் பிடித்ததும் அந்தச் சந்தையும் படுத்துவிட்டது. லிஸ்ப் ஒரு கருவிதான், அதில் எதை எழுதுவது என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கும். அதனால் அதை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. எலைசாவை லிஸ்ப்பில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும் நீங்கள் படப்போகும் பாடு ஒன்றே.

எலைசா

ஜோசப் வைசன்பாம் எம்ஐடியில் எழுதி, 1966 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ஐபிஎம் 7094 கணினியில் ஓடியது. புகழ்பெற்றது அதன் 'டாக்டர்' வடிவம்: நோயாளி சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் மனநல மருத்துவர். உள்ளே இருப்பது எளிமையானது. வாக்கியத்தில் முக்கியச் சொல் ஒன்றைத் தேடும். சொற்களுக்கு முன்னுரிமை எண் உண்டு. கிடைத்த சொல்லை ஒட்டி வாக்கியத்தைத் துண்டாக்கும், 'மை'யை 'யுவர்' ஆக்கும், தயாராக வைத்திருக்கும் அச்சில் துண்டுகளைப் பொருத்தும். எதுவும் அகப்படவில்லை என்றால் முன்பு சொன்ன ஒன்றை நினைவிலிருந்து எடுத்துக் கேட்கும்.

1972இல் ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி செய்த 'பாரி' என்ற நிரல், பிபிஎன் நிறுவனத்தில் ஓடிய ஒரு 'டாக்டர்' நிரலோடு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகப் பேசியது. பாரி, சந்தேக நோய் பிடித்த மனிதராக நடிக்கும் நிரல். அந்த உரையாடல் 1973 ஜனவரியில் இணைய ஆவண வரிசையில் 439ஆம் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. வலையமைப்பில் நடந்த தொடக்ககாலச் செயற்கை நுண்ணறிவு அரட்டைகளில் ஒன்றில் இரு தரப்பும் மனிதர்கள் இல்லை என்பது எனக்கு இன்னும் சிரிப்பை வரவழைக்கிறது. 1977இல் கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் பத்திரிகையில் பேசிக் மொழியில் ஒரு எலைசா அச்சானது. அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துதான் பல வீட்டுக் கணினிகளில் எலைசா குடியேறியது.

ஆங்கிலத்தில் இதை எழுதுவது ஒரு வாரயிறுதி வேலை. இணையத்தில் ஆயிரம் நகல்கள் கிடக்கின்றன, ஆயிரத்தோராவதாக நீங்கள் ஒன்று எழுதி ஆகப்போவது எதுவும் இல்லை. தமிழில் எழுதினால் கதை வேறு.

பயனர் 'என் அம்மா என்னைத் திட்டுகிறாள்' என்று எழுதுகிறார். 'என்'னை 'உங்கள்' ஆக்கி, 'என்னை'யை 'உங்களை' ஆக்கி, கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் 'உங்கள் அம்மா உங்களைத் திட்டுகிறாளா?' வந்துவிடும். நன்றாகவே இருக்கிறது. அடுத்து அவர் 'நான் அம்மாவிடம் பொய் சொன்னேன்' என்கிறார். 'நான்'ஐ மாற்றினால் மட்டும் போதாது, வினைமுற்றின் விகுதியும் மாற வேண்டும். ஆங்கில எலைசாவுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சொல்லின் முடிவில் 'ஏன்' வந்தால் 'ஈர்கள்' ஆக்கு என்று ஒரு விதி போடலாம். யூனிகோடில் உயிர்க்குறி தனி எழுத்தாக இருப்பதால் இது எளிதாகவே வேலை செய்யும்: சொன்னேன், சொன்னீர்கள், மாட்டேன், மாட்டீர்கள். மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் 'எனக்குத் தேன் பிடிக்கும்' என்பார். நிரல் 'உங்களுக்குத் தீர்கள் பிடிக்குமா?' என்று பதில் கேட்கும்.

பிறகு பேச்சுத்தமிழ். யாரும் 'வருகிறேன்' என்று தட்டச்சு செய்வதில்லை. வரேன், வர்றேன், வாரேன் என்று ஊருக்கு ஒன்று. 'நான்' என்ற சொல்லே இல்லாமல் 'தூக்கமே வரல' என்று முடித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, டாக்டர் நோயாளியை நீ என்பாரா, நீங்க என்பாரா என்பதை நிரலின் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆக, தமிழ் எலைசா என்பது பாதி நிரல், பாதி வினைத்திரிபு அட்டவணை. இலக்கணத்தில் ருசி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. மற்றவர்கள் இரண்டாவது வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

எலைசாவிலிருந்து நுண்ணறிவு பற்றிப் பெரிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கற்றுத்தருவது மனிதர்களைப் பற்றி. நிரல் எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் கடுமையான விமர்சகர் ஆனதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

புரோலாக்

பிரான்சின் மார்செய் நகரில் அலேன் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூஸலும் 1972 வாக்கில் உருவாக்கிய மொழி. ராபர்ட் கோவால்ஸ்கியின் தர்க்கக் கோட்பாடு அதற்கு அடித்தளம். அவர் அப்போது எடின்பரோவில் இருந்தார். கோல்மெரோவருக்கு வேண்டியிருந்தது பிரெஞ்சு மொழியில் கணினியோடு பேசும் வழி. மொழி ஆய்வின் வயிற்றில் பிறந்த குழந்தைதான் புரோலாக். 1982இல் ஜப்பான் தன் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தர்க்க நிரலாக்கத்தின் மேல் கட்டத் தொடங்கியதும் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. லிஸ்ப்பா புரோலாக்கா என்ற சண்டை 1980களில் கிட்டத்தட்ட அமெரிக்கா ஒரு பக்கம், ஐரோப்பாவும் ஜப்பானும் மறுபக்கம் என்று நடந்தது. 1986இல் போர்லாண்ட் நிறுவனம் நூறு டாலருக்குள் டர்போ புரோலாக்கை விற்றபோது வீட்டு ஆர்வலர்களும் சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். 'இது புரோலாக்கே இல்லை' என்று தூய்மைவாதிகள் முறைத்தார்கள். விதிகளில் வரும் மதிப்புகளின் வகையையெல்லாம் முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னால் கோபம் வராதா?

இதில் எப்படி எழுதுவது என்று நீங்கள் சொல்வதில்லை. எது உண்மை என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். விடையை அது தேடிக்கொள்ளும். எல்லாப் பாடநூல்களும் குடும்ப மரத்தில்தான் தொடங்குகின்றன. பெற்றோர், தாத்தா, பாட்டி, கசின் என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆங்கில உறவுமுறைக்கு அது போதும். நம் உறவுமுறையைப் புரோலாக்கில் எழுதிப் பாருங்கள், உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும்.

முதலில், மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் நம்மால் ஓர் உறவைக்கூடச் சொல்ல முடியாது. பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி எல்லாவற்றுக்கும் பிறந்த ஆண்டு வேண்டும். அடுத்து, ஒரே பெயருக்குப் பல வழிகள். அப்பாவின் அண்ணன் பெரியப்பா. அம்மாவின் அக்கா கணவரும் பெரியப்பா. அம்மாவின் சகோதரர் மாமா. அத்தையின் கணவரும் மாமா. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விதி எழுத வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே, அப்பாவின் சித்தப்பா மகனும் நமக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோதான். அவர் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி முறை, பங்காளிகள். இது தலைமுறை தலைமுறையாக மேலே போய்க்கொண்டே இருக்கும். அதை இரண்டே விதிகளில் பிடிக்கலாம்:

உடன்பிறப்பு(_அ, _ஆ) :- அப்பா(_க, _அ), அப்பா(_க, _ஆ), _அ \= _ஆ.
உடன்பிறப்பு(_அ, _ஆ) :- அப்பா(_க, _அ), அப்பா(_ச, _ஆ), உடன்பிறப்பு(_க, _ச).

அப்பா(_க, _அ) என்றால் _அ என்பவரின் அப்பா _க. ':-' என்றால் 'இவை உண்மையானால்', '\=' என்றால் 'வேறு ஆள்'. இரண்டு பேருக்கும் அப்பா ஒருவரே என்றால் உடன்பிறப்பு. இல்லையென்றால், இருவரின் அப்பாக்களும் உடன்பிறப்பு முறையா என்று மேலே போய்ப் பார். அம்மா வழிக்கு இதே போல் இன்னும் இரண்டு விதிகள். மாமன் அத்தை பிள்ளைகளுக்குத் தனி விதி எழுதியதும், யார் யாருக்கு முறை, யாருக்குப் பங்காளி என்பதை நிரல் தானே சொல்லத் தொடங்கும். ஒரு கல்யாண வீட்டுப் பெரியவர் மனசுக்குள் போடும் கணக்கு திரையில் அடி அடியாக விரியும். பயன்பாடு என்று பார்த்தால் பூஜ்யம்தான். ஆனால் 1970களில் ஆய்வாளர்கள் எதைப் பார்த்து மயங்கினார்கள் என்பது அந்த நிமிடத்தில் புரியும்.

மயக்கம் தெளிவதும் இதிலேயே நடக்கும். 'முருகன் கண்ணனுக்கு உடன்பிறப்பு என்றால் கண்ணனும் முருகனுக்கு உடன்பிறப்பு' என்று நியாயமாக ஒரு விதி சேர்ப்பீர்கள். நிரல் அங்கேயே சுற்றிச் சுற்றி, நினைவகம் தீரும்வரையோ நீங்கள் நிறுத்தும்வரையோ ஓடும். தர்க்கப்படி சரியான விதி, இயங்கும்போது முடிவில்லாத வட்டம். இன்னொன்று, கொள்ளுத்தாத்தா பெயர் தரவில் இல்லை என்றால், உண்மையான பங்காளியைப் பற்றிக் கேட்டாலும் நிரல் 'பொய்' என்றே சொல்லும். என்னால் நிறுவ முடியவில்லை என்பதற்கும் அது உண்மையில்லை என்பதற்கும் புரோலாக்கில் ஒரே பதில்தான். உலகத்தில் உள்ளதெல்லாம் என் ஃபைலில் இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கும் மொழி அது. எல்லாத் தகவலையும் யார் உட்கார்ந்து எழுதுவது என்ற கேள்வி அந்தத் தலைமுறையை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதற்கு நூறு பேர் கொண்ட ஒரு குடும்பமே போதுமான சாட்சி.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதை இதில் அழகாகச் சமாளிக்கலாம். யாழ்ப்பாணத்து மச்சாளையும் கொங்குநாட்டு அம்மாயியையும் கடைசி அடுக்கில் வெறும் பெயர்ப் பட்டியலாக வைத்துக்கொண்டால், கீழே உள்ள விதிகளைத் தொடவே வேண்டியதில்லை.

கிளிப்ஸ்

எக்ஸ்பர்ட் சிஸ்டம்தான் 1980களில் காசு பார்த்த செயற்கை நுண்ணறிவு. ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970களில் செய்த 'மைசின்', இரத்தத் தொற்றுகளுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி என்று ஆலோசனை சொன்னது. சோதனையில் நன்றாகச் செய்தும் மருத்துவமனையின் அன்றாட வேலைக்கு அது போகவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்கான்', வாக்ஸ் கணினிகளுக்கு எந்த எந்தப் பாகங்கள் சேர வேண்டும் என்று தீர்மானித்தது. சில நூறு விதிகளில் தொடங்கிப் பல ஆயிரமாகப் பெருத்து, பிறகு அதைப் பராமரிப்பதே பெரும் பிழைப்பாகிவிட்டது. இந்தியாவிலும் 1980களின் பிற்பகுதியில் அரசின் அறிவுசார் கணினித் திட்டத்தில் சென்னை ஐஐடி எக்ஸ்பர்ட் சிஸ்டம் பிரிவைப் பார்த்துக்கொண்டது.

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் 1985இல் கிளிப்ஸைத் தொடங்கியது. லிஸ்ப்பில் எழுதிய அமைப்புகளைச் சாதாரணக் கணினிகளில் ஓட்ட முடியவில்லை, செலவும் அதிகம் என்பதால் சி மொழியில் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்ற விதிகளைக் கொட்டிவிட்டால், எந்த விதி இப்போது பொருந்துகிறது என்பதை அதுவே விரைவாகக் கண்டுபிடிக்கும்.

மொழியைப் பிடிக்கச் சில நாள்கள் போதும். வல்லுநரைப் பிடிப்பதுதான் பாடு. கிணற்று மோட்டார் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போய் உட்காருங்கள். 'மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல' என்றால் என்ன செய்வீர்கள்? ஃபுட் வால்வு பார்ப்பேன் என்பார். அது சரியாக இருந்தால்? சக்‌ஷன் பைப்பில் காற்று இழுக்கிறதா பார்ப்பேன். அப்புறம் திடீரென்று, 'நேத்து லைன்ல வேலை பாத்தாங்களான்னு கேளுங்க, பேஸ் மாறியிருந்தா பம்பு திருப்பிச் சுத்தும்' என்பார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், கேட்டால்தானே ஞாபகம் வரும் என்பார். கடைசியில், 'சத்தத்தைக் கேட்டாலே தெரிஞ்சிடும்' என்று ஒரு போடு போடுவார். அந்தச் சத்தத்தை எந்த விதியில் எழுதுவது?

இதற்குத்தான் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அறிவுத் திரட்டலின் முட்டுக்கட்டை என்று பெயர் வைத்துப் புலம்பினார்கள். நேரம் ஒதுக்கிப் பேசக்கூடிய ஒரு வல்லுநர், அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டு நர்ஸோ, உங்களுக்கு இருந்தால் கிளிப்ஸை எடுங்கள். இல்லாமல் கூகுளில் தேடி விதி எழுதுவதற்குச் சும்மா இருக்கலாம்.

பெர்செப்ட்ரான்

ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் யோசனை. முதலில் ஐபிஎம் 704இல் நிரலாக ஓட்டினார். பிறகு மார்க் 1 என்ற இயந்திரம்: 20க்கு 20 என்று 400 ஒளி உணரிகள், எடைகளை மாற்ற மோட்டார் சுழற்றும் குமிழ்கள். 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் இதன் எல்லைகளைக் கணிதமாக நிறுவினார்கள். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பல அடுக்கு வலையைப் பயிற்றுவிக்கும் முறையைப் பரவலாக்கினார்கள். 1988இல் மெக்லெலண்டும் ரூமெல்ஹார்ட்டும் பயிற்சி நூலோடு ஃபிளாப்பியையே சேர்த்துக் கொடுத்ததால் வீட்டிலும் ஓட்ட முடிந்தது. சாட்ஜிபிடி வரை வந்து வென்ற கட்சி இதுதான், எல்லோருக்கும் தெரியும்.

இதை எழுத நிரலே வேண்டாம், எக்செல் போதும். 5க்கு 5 கட்டத்தில் ட, ப இரண்டையும் இடப்பக்கம் ஒட்டி, மூன்று கட்ட அகலத்தில் வரையுங்கள். 25 கட்டத்துக்கும் ஒவ்வோர் எடை, அதாவது ஓர் எண். கறுப்பான கட்டங்களின் எடைகளைக் கூட்டி வரும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ப, இல்லையென்றால் ட. தப்பாகச் சொன்னால் கறுப்பான கட்டங்களின் எடையைக் கூட்டு அல்லது குறை, அவ்வளவுதான் கற்றல். சில சுற்றுகளில் சரியாகச் சொல்லத் தொடங்கிவிடும், ஏனென்றால் வலப்பக்கக் கோடு இருந்தால் ப என்று எடைகள் அமைந்துவிடும். இப்போது ட-வை இரண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். அதன் நெடுங்கோடு ப-வின் வலக்கோடு நின்ற இடத்தில் வந்து நிற்கும். பெர்செப்ட்ரான் தயங்காமல் ப என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். அது எழுத்தைக் கற்கவில்லை, கட்டத்தைக் கற்றது.

மாடிப்படி விளக்கு போன்ற ஒன்றையும் கற்பித்துப் பாருங்கள்: கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டில் ஒன்று மட்டும் மாறினால் விளக்கு எரியும். ஒற்றைப் பெர்செப்ட்ரானுக்கு அது வராது. எத்தனை சுற்று ஓட்டினாலும் எடைகள் அலைபாயும். நடுவில் ஓர் அடுக்கு சேர்த்தால் வந்துவிடும். 1969 முதல் 1986 வரையான 17 ஆண்டு வரலாற்றை ஒரு மாலையில் பார்த்த கணக்கு.

எதை எடுப்பது

வேலைக்கான நேர்காணல் மனதில் இருந்தால் பெர்செப்ட்ரானை எடுங்கள், ஆனால் எந்த நூலகத்தையும் இறக்காமல் கையால் செய்யுங்கள். இரண்டு வாரயிறுதிகளில் முடிந்துவிடும், பிறகு படிக்கும் எல்லாம் கொஞ்சம் எளிதாகும். தமிழிலக்கணத்தில் ஈடுபாடு இருந்தால் எலைசா. அதில் எழுதும் வினைத்திரிபு அட்டவணை வேறு வேலைகளுக்கும் உதவும். கிளிப்ஸுக்கான நிபந்தனையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இவை எதுவும் இல்லாமல், சும்மா ஆர்வத்தில் வருகிறவர்களுக்கு என் ஓட்டு புரோலாக்குக்கு. வென்றதையே முதலில் கற்றால், தோற்றவர்கள் எதைச் சாதிக்க நினைத்தார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். பெர்செப்ட்ரான் ஏன் ப என்றது என்று கேட்டால் 25 எண்களைக் காட்டும். புரோலாக்கில் தேடலின் தடத்தைத் திறந்தால், எந்த விதி, எந்த ஆள் வழியாக முறை வந்தது என்று ஒவ்வொரு படியும் வாசிக்கக் கிடைக்கும். இந்த ஒன்றில் இன்றைய மாதிரிகள் இன்னும் அதன் கிட்டே வரவில்லை. தரவுக்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், உங்கள் பாட்டியே போதும்.

கருவி எஸ்டபிள்யூஐ-புரோலாக். 1987இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, இலவசம், உலாவியிலும் ஓடும். தமிழ்ப் பெயர்களை அப்படியே எழுதலாம். மாறிகள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது புரோலாக் விதி. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால், மேலே காட்டியது போல முன்னால் ஓர் அடிக்கோடு போடுங்கள். முதல் நாள் மூன்று தலைமுறையும் பத்துப் பன்னிரண்டு பேரும் போதும். எல்லோருக்கும் பிறந்த ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். சரியாகத் தெரியாதவர்களுக்கு, யார் மூத்தவர் என்று மட்டும் கேட்டுக்கொண்டு உத்தேசமாகப் போட்டால்கூட விதிகள் ஓடும்.